மாநகரும் மரமும்: சிங்கப்பூரின் மரக்காப்பு விதிகள்

ஓர் ஊர் நகரமாக வளரத் தொடங்கும்போது அங்கே முதலிற் குறைவது மரம். வீதி அகல வேண்டும். வீடு எழ வேண்டும். வடிகால் ஓட வேண்டும். இவற்றுள் எதற்கும் மரம் தடையாகவே தோன்றும். காணிக்கு உரியவர் தம் நிலத்தில் எழவிருக்கும் கட்டடத்தைப் பார்க்கிறார். கட்டட வேலையை ஒப்புக்கொண்டவர் நாட்கணக்கைப் பார்க்கிறார். நூறாண்டு நின்ற மரம் அரைநாளில் வீழ்ந்துவிடுகின்றது. அதன் நிழலில் நடந்தோர்க்காகவும், அதிற் கூடு கட்டிய பறவைகளுக்காகவும், அதன் வேர் பிணித்து வைத்திருந்த மண்ணுக்காகவும் அவ்வேளையிற் பேசுவோர் எவருமிலர். அப்பொறுப்பை நகர நிருவாகம் தன் விதிகளின் வாயிலாக ஏற்க முடியுமா, ஏற்பதாயின் பிறர் காணியில் நிற்கும் மரத்தைப் பற்றிப் பேச அதற்கு என்ன உரிமை என்பன இக்கால நகர வரலாற்றில் எழுந்த பெரிய வினாக்கள். அவற்றுக்குச் சிங்கப்பூர் தேடிய விடை ஆராயத்தக்கது.

சிங்கப்பூரைத் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. அங்கே மாநகரமும் நாடும் ஒன்றே. நகரத்துக்கு இடம் போதாவிடின் நாட்டுப்புறத்துக்குச் செல்லலாம் என்ற வழி அங்கில்லை. வீடும் துறைமுகமும் தொழிற்சாலையும் விமான நிலையமும் ஒரே சிறு தீவில் அமைய வேண்டும். அத்தகைய நெருக்கடியில் மரத்துக்கும் இடம் உண்டு என ஒரு விதி சொல்லுமாயின், அவ்விதி எவ்வாறு பிறந்தது, எவ்வளவு தூரம் நின்றது என்பதை அறிவது இடம் மிகுந்த நாட்டினர்க்கும் பயன் தருவதாகும்.

1819ஆம் ஆண்டில் இராபிள்ஸ் என்னும் ஆங்கிலேயர் அத்தீவில் வணிகத்தலம் ஒன்றை நிறுவினார். அப்போது தீவின் பெரும்பகுதி அடர்ந்த காடாயிருந்தது. அடுத்த சில பத்தாண்டுகளிலே அக்காடு விரைந்து மறைந்தது. அதற்கு முதற் காரணம் நகரம் அன்று. காம்பியர் என்னும் ஒரு பயிர். அதன் இலையை அவித்து எடுத்த சாறு தோல் பதனிடவும் சாயமிடவும் பயன்பட்டது. சீனக் குடியேறிகள் காம்பியரையும் மிளகையும் ஒருங்கே பயிரிட்டனர். இலையை அவிக்க விறகு வேண்டும். ஆகவே பயிரிடுதற்கு அழித்த காடு ஒருபுறமிருக்க, அடுப்பெரிக்க அழித்த காடும் பெரிதாயிற்று. சில ஆண்டுகளில் மண் வளம் குன்றியதும் தோட்டக்காரர் அந்நிலத்தைப் புல்லுக்கு விட்டு அப்பாற் சென்றனர். இதே காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறைக்கைதிகள் காடு வெட்டித் தெருக்களை அமைத்தனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். இன்று நிழல் தரும் தெருக்கள் சிலவற்றின் முதற் சுவடு அவர்களுடைய உழைப்பில் உண்டானது.

1883ஆம் ஆண்டில், சிங்கப்பூர்த் தாவரவியற் பூங்காவின் அத்தியட்சராயிருந்த நதானியேல் காந்திலி என்பவர் அப்பிரதேசக் காடுகளைப் பற்றி அறிக்கை ஒன்று அளித்தார். எஞ்சிய காடு மிகச் சிறிது என்பதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. அதன் பயனாகப் புக்கித் தீமா முதலிய இடங்களிற் காட்டொதுக்கங்கள் ஏற்பட்டன. மரக்காப்பு வரலாற்றில் இது முதற்படி. ஆயினும் இப்படியின் எல்லையையும் நோக்க வேண்டும். காட்டொதுக்கம் காட்டைக் காக்குமேயன்றி வீட்டு வளவில் நிற்கும் மரத்தைக் காக்காது. எல்லைக் கல்லுக்கு அப்பால் எந்த மரத்தையும் எவரும் வெட்டலாம். தெருவோரத்தில் நிழலுக்காக நடப்பட்ட மரங்கள் நகரசபையின் உடைமையாயிருந்தன. தனியார் காணியில் நின்ற மரமோ அக்காணிக்காரரின் மனப்போக்கை நம்பியே நின்றது.

மரம் எவ்வளவு பெரிதாயினும் சட்டத்தின் துணையின்றி நிற்க இயலாது என்பதற்குத் தீவின் கிழக்கு மூலையிலுள்ள சாங்கி என்னும் இடம் ஒரு சான்று. அங்கே வானளாவ நின்ற ஒரு மரம் நிலப்படங்களிலே குறிக்கப்படும் அளவுக்குப் பெயர் பெற்றிருந்தது. அதன் உயரம் 76 மீற்றர் எனச் சொல்லப்பட்டது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், யப்பானியப் பீரங்கிகளுக்கு அது குறியாகப் பயன்படும் என அஞ்சிய ஆங்கிலப் படையினர் அதனை வீழ்த்தினர். சில நாட்களில் நகரமும் வீழ்ந்தது. போரின் அவசரத்தில் நிகழ்ந்த அச்செயலைக் குறைகூறுவதிற் பயனில்லை. ஆயினும் அதே சாங்கி அறுபது ஆண்டுகளின் பின் அமைதிக் காலத்திலும் ஒரு பெருமரத்தை இழந்தது. அது பின்னர் கூறப்படும்.

போருக்குப் பின் மக்கட்டொகை பெருகியது. வீட்டுப் பஞ்சம் கடுமையாயிற்று. 1960ஆம் ஆண்டில் வீடமைப்புக்கென ஒரு கழகம் நிறுவப்பட்டு அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கின. மண் மேடுகள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் நிரவப்பட்டன. சீமெந்தும் தாரும் சூழ்ந்த நகரம் வெயிலில் எவ்வாறிருக்கும் என்பது விரைவில் உணரப்பட்டது. 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பிரதமர் லீ குவான் யூ பாரர் சுற்றுவட்டத்தில் ஒரு மரம் நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடக்கினார். 1965இல் நாடு தனித்து நின்ற பின் 1967இல் சிங்கப்பூரைப் பூங்கா நகராக்கும் நோக்கம் அறிவிக்கப்பட்டது. விரைந்து நிழல் தர வேண்டுமென்பதற்காக அங்சானா என்னும் வேங்கை இன மரத்தின் பெருங்கிளைகளை வெட்டி அப்படியே நட்டனர். அவை வேரூன்றித் தழைத்தன. தூங்குமூஞ்சி மரமும் தெருவெங்கும் குடை விரித்தது. 1970ஆம் ஆண்டின் முடிவுக்குள் நடப்பட்ட புது மரங்கள் 55,000க்கு மேற்பட்டன. 1971ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் முதலாவது மரநடுகை நாள் கொண்டாடப்பட்டது.

நடுவது எளிது, காப்பது அரிது. ஒரு திணைக்களம் தெருவோரம் மரம் நட, இன்னொரு திணைக்களம் குழாய் பதிக்க அதன் வேரை அறுப்பது எந்நாட்டிலும் காணப்படும் காட்சி. எனவே நல்லெண்ணத்தை மட்டும் நம்பாது சட்டத்தை நாட வேண்டியதாயிற்று. 1975ஆம் ஆண்டில் பூங்காக்கள், மரங்கள் சட்டம் நிறைவேறியது. வீடமைப்புக் கழகம் போன்ற அரச நிறுவனங்களும் தனியார் கட்டட முதலாளிகளும் வீட்டுத்தொகுதி, வாகனத் தரிப்பிடம், வீதி ஆகியவற்றை அமைக்கும்போது மரங்களுக்கென இடம் ஒதுக்க வேண்டும் என்பது அதன் வழி வந்த கடமை. வீட்டுக்கு நீர்க்குழாயும் வடிகாலும் எவ்வாறு இன்றியமையாதனவோ, அவ்வாறே மரம் வளரும் மண்ணும் திட்ட வரைபடத்தில் இடம்பெறலாயிற்று. முன்னர் கட்டடம் முடிந்தபின் எஞ்சிய மூலையில் மரம் நட்டனர். இப்போது கட்டடத்தை வரையும்போதே மரத்தின் இடத்தையும் வரைய வேண்டியதாயிற்று. 1974ஆம் ஆண்டில் ஏறத்தாழ 158,600 ஆக இருந்த நகர மரங்களின் தொகை 2014ஆம் ஆண்டில் 14 இலட்சமாக உயர்ந்தது.

புது மரம் நடுவதற்கு வழி பிறந்தது. பழைய மரத்தின் நிலை யாது? எண்பதுகளிலே நிலத்தின் விலை உயர்ந்தது. விசாலமான வளவுகளையுடைய பழைய பங்களாக்கள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் நெருக்கமான வீடுகள் எழுந்தன. அவ்வளவுகளில் நின்றவை பெரும்பாலும் முதிர்ந்த மரங்கள். புதிதாக நடும் நூறு கன்றுகளும் அவற்றுள் ஒன்றுக்கு ஈடாக வளர ஒரு தலைமுறை வேண்டும். இதனை உணர்ந்து 1991ஆம் ஆண்டிலே மரக்காப்புப் பிரதேசங்கள் இரண்டு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. ஒன்று நகரின் மத்திய பகுதியைச் சார்ந்தது. மற்றது கிழக்கே சாங்கியைச் சார்ந்தது.

அவ்விதியின் எளிமையே அதன் சிறப்பு. நிலமட்டத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் அளக்கும்போது ஒரு மரத்தின் சுற்றளவு ஒரு மீற்றருக்கு மேற்படுமாயின், உரிய ஆணையாளரின் அனுமதியின்றி அதனை வெட்டலாகாது. மரக்காப்புப் பிரதேசத்துக்குள் அம்மரம் அரசின் நிலத்தில் நின்றாலென்ன, தனியார் வளவில் நின்றாலென்ன, விதி ஒன்றே. பிரதேசத்துக்கு வெளியே கட்டடமின்றிக் கிடக்கும் வெற்றுக் காணியிலும் அதுவே விதி. மரத்தின் இனம் யாது, வயது யாது, அழகு எத்தகையது என்பன பற்றி நிபுணர் வாதிட வேண்டியதில்லை. ஒரு மீற்றர் நீளக் கயிறு ஒன்று போதும். கயிறு மரத்தைச் சுற்றி முனையோடு முனை எட்டாவிடில், கோடரி எடுத்தவர் அனுமதி கேட்டே ஆக வேண்டும். தோட்டக்காரரும் அறியக்கூடிய விதி இது. அறியாமல் வெட்டினேன் என்று சொல்வதற்கு இதில் அதிக இடமில்லை.

கட்டட வேலை தொடங்கும் காணியில் இவ்விதி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதும் அறியத்தக்கது. அபிவிருத்தி செய்ய விரும்புவோர் முதலில் அங்குள்ள மரங்களை அளந்து, ஒவ்வொன்றும் நிற்கும் இடத்தை வரைபடத்திற் குறித்துக் காட்ட வேண்டும். எதனைக் காக்கலாம், எதற்காகக் கட்டடத்தைச் சிறிது விலக்கலாம், எதனை வேறிடத்துக்குப் பெயர்த்து நடலாம், எதனை வெட்டுவது தவிர்க்க முடியாதது என்பன அதன்பின் ஆராயப்படும். காக்கப்படும் மரத்தைச் சுற்றி வேலியடைத்துக் காப்பு வலயம் அமைப்பர். அவ்வலயத்துக்குள் மண் குவித்தலாகாது, கல் அடுக்கலாகாது, பாரவண்டி ஏறலாகாது. இதற்குக் காரணம் வேரின் இயல்பே. மரத்தின் வேர் கிணறு போலக் கீழ்நோக்கி மட்டும் இறங்குவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் உணவையும் நீரையும் உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்ந்து, பல வேளைகளிற் கிளை விரிவுக்கு அப்பாலும் செல்லும். பாரவண்டி ஏறி மண் இறுகினால் வேருக்குக் காற்று இல்லை. கோடரி படாமலே மரம் மெல்ல மெல்லச் சாகும். வெட்டுவதைத் தடுப்பது மட்டும் மரக்காப்பு ஆகாது என்பதைப் பட்டறிவு கற்பித்தது.

இனிச் சாங்கியின் இரண்டாவது மரம். 2002ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், அங்கே அரசுக்குரிய பழைய பங்களா ஒன்றின் அருகே நின்ற ஏறத்தாழ 150 ஆண்டு வயதுடைய பெருமரம் வெட்டப்பட்டது. அது சங்கால் என்னும் காட்டினத்தைச் சேர்ந்தது. சிங்கப்பூரில் அற்றுப்போயிற்று என எண்ணப்பட்ட இனம். சாங்கி என்ற பெயரே இத்தகைய மரமொன்றிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உளர். அது நின்ற இடம் மரக்காப்புப் பிரதேசம். அதன் சுற்றளவு கயிற்றுக்கு எத்தனையோ மடங்கு மேற்பட்டது. விதி இருந்தது, மரம் இருந்தது, அனுமதி கேட்கப்படவில்லை. அக்கட்டடங்களைப் பராமரித்த நிறுவனம் நீதிமன்றத்தில் 8,000 வெள்ளி தண்டம் செலுத்தியது. அதனோடு ஏறத்தாழ 76,000 வெள்ளியை நட்ட ஈடாக அரசுக்குக் கொடுத்தது. வீழ்ந்த மரத்தின் கட்டைகளிற் சிற்பிகள் சிற்பங்கள் செதுக்கினர். தண்டம் அரசின் திறைசேரிக்குச் சென்றது. சிற்பம் காண்போரை மகிழ்வித்தது. அந்த மரம் நின்ற வெளியை நிரப்ப இரண்டாலும் இயலவில்லை. மரத்தின் விலை எவ்வளவு என்பதை மக்கள் அன்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தனர் எனலாம்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 2001இல், தனித்தன்மை வாய்ந்த மரங்களை மரபு மரங்கள் எனப் பெயர் குறித்துக் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. பொதுமக்களே தமக்குத் தெரிந்த பெருமரங்களை இதற்கு முன்மொழியலாம். இவ்வாறு குறிக்கப்பட்ட மரங்களுக்கு அறிவிப்புப் பலகையும் இடிதாங்கியும் அமைக்கப்பட்டன. தாவரவியற் பூங்காவில் தாழ்ந்து நீண்ட கிளையோடு நிற்கும் தெம்புசு மரம் இவற்றுள் புகழ் பெற்றது. அதன் உருவம் ஐந்து வெள்ளி நாணயத்தாளிலும் பொறிக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டிற் சட்டம் புதுக்கி எழுதப்பட்டது. அனுமதியின்றி மரம் வெட்டுவோர்க்கு 50,000 வெள்ளி வரை தண்டம் விதிக்க அது வழிசெய்தது. அடுத்த ஆண்டில் மண்டாய் வீதி, லிம் சூ காங் வீதி முதலாய ஐந்து வீதிகள் மரபு வீதிகள் என அறிவிக்கப்பட்டன. அவற்றின் இருமருங்கும் பத்து மீற்றர் அகலப் பசும்பட்டை காக்கப்பட வேண்டும் என்பது விதி.

இவ்விதிகளுக்கு மறுப்பே இல்லையா எனின், உண்டு. என் காணியில் நான் நட்ட மரத்தை வெட்ட இன்னொருவரைக் கேட்பதா என்று காணிக்காரர் வினவுவர். அவ்வினாவில் நியாயம் இல்லாமலில்லை. விலை கொடுத்து வாங்கிய நிலத்தில் ஒரு மரத்துக்காக ஓர் அறையைக் குறைத்துக் கட்டுவது சிலருக்குப் பெரும் இழப்பு. ஆனால் மழைநீரைத் தாங்கி வடிகாலின் சுமையைக் குறைப்பதும், தெருவின் வெப்பத்தைத் தணிப்பதும், அயல் வீட்டாருக்கும் நிழல் அளிப்பதும் அதே மரம். அதன் வேர் ஒருவர் காணியில் இருப்பினும் அதன் பயன் வேலியோடு நிற்பதில்லை. பயன் பொதுவாயின் அதனை அழிக்குமுன் பொதுவினரின் சார்பில் ஒரு வினா எழுப்பப்படுவது முறை. விதி கோருவது அவ்வினாவையே. காணியின் உரிமையை அது பறிப்பதில்லை.

இன்னொரு மறுப்பு இதனினும் கனமானது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், தாவரவியற் பூங்காவில் 270 ஆண்டுக்கு மேற்பட்ட வயதுடைய தெம்புசு மரபு மரமொன்று திடீரென வேரோடு சாய்ந்தது. ஒரு பெண் உயிரிழந்தார். வேறு சிலர் காயமுற்றனர். முந்திய செப்டெம்பரிலே அம்மரம் சோதிக்கப்பட்டு நலமாயுள்ளது எனக் கொள்ளப்பட்டிருந்தது. காக்கப்பட்ட மரமே ஓர் உயிரைக் கொண்டது என்ற துயரை எந்த வாதத்தாலும் மறைக்க முடியாது. முதிர்ந்த மரத்தை மக்கள் நடமாடும் இடத்தில் வைத்திருக்க முடிவு செய்த நாடு, அதனை இடையறாது சோதிக்கும் செலவையும் பொறுப்பையும் ஏற்றேயாக வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம். காப்பது என்ற சொல்லுக்குள் மரமும் அடங்கும். அதன் கீழ் நடப்போரும் அடங்குவர்.

விதி எத்துணைத் தெளிவாயினும் அதனைக் கையாளுவோர் விழிப்பாயிராவிடிற் பயனில்லை என்பதை 2021ஆம் ஆண்டு மீண்டும் காட்டியது. தீவின் வடபால் கிராஞ்சி என்னுமிடத்தில், அரசுக் கூட்டுத்தாபனம் ஒன்று அபிவிருத்தி செய்யவிருந்த நிலத்திலே ஏறத்தாழ 4.5 ஹெக்டயர் காடு, சுற்றாடல் ஆய்வு முடிவதற்கு முன்னரே தவறாக அழிக்கப்பட்டது. ஒப்பந்தக்காரர் முந்திவிட்டார்; மேற்பார்வை பிந்திவிட்டது. அதனை வெளிப்படுத்திக் குரலெழுப்பியோர் பொதுமக்கள். ஒப்பந்தக்காரர்மீது பின்னர் வழக்கும் தொடரப்பட்டது. சாங்கியில் ஒரு மரத்துக்கு நேர்ந்தது கிராஞ்சியில் ஒரு சிறு காட்டுக்கு நேர்ந்தது. இரண்டிலும் குறை விதியில் இல்லை. விதியைப் பார்ப்பதற்கு முன் வாளை எடுத்ததே குறை. ஒரு வேறுபாடும் உண்டு. 1883இல் காடு மறைந்ததை உலகுக்கு அறிவிக்க ஓர் அத்தியட்சரின் அறிக்கை வேண்டியிருந்தது. 2021இல் அதனை அறிவிக்க வழிப்போக்கரே போதுமானவராயினர். நகரத்தார் மரங்களைத் தமது உடைமையாகக் கருதத் தொடங்கியமையே இவ்விரு காலத்துக்கும் இடையே விளைந்த பெரிய மாற்றம்.

இலங்கைக்கும் இவ்வெண்ணம் புதிதன்று. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இங்கே சிங்கப்பூரின் சட்டத்துக்கு முந்தியது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை உரிய அனுமதியின்றி வெட்டலாகாது என்னும் ஒழுங்கு அச்சட்டத்தைச் சார்ந்தது. இரண்டு நாடுகளின் நோக்கும் இங்கே வேறுபடுவதைக் காணலாம். இலங்கை மரத்தின் இனத்தைப் பார்த்தது. சோறு குறைந்த நாளில் வயிற்றைக் காக்கும் மரங்களைத் தேர்ந்தது. காய் தரும் பெண்பனையைக் காத்து ஆண்பனையை விட்டமையே அந்நோக்கத்தை உணர்த்தும். சிங்கப்பூர் மரத்தின் பருமையைப் பார்த்தது. காய்ப்பதாயினும் காய்க்காததாயினும் நெடுநாள் நின்ற மரத்தை மதித்தது. முன்னையது உழவர் நாட்டின் அளவுகோல். பின்னையது நகரத்தின் அளவுகோல். இலங்கையின் ஊர்களும் நகரங்களாக மாறிவரும் காலத்தில், வளவுகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு மதில்கள் எழும் இடங்களில், முதல் அளவுகோல் மட்டும் போதுமா என்பது சிந்திக்கற்பாலது. காய்க்கும் பலாவுக்குச் சட்டம் துணை நிற்கிறது. அதே வேலியோரம் நிற்கும் முதிர்ந்த மருதுக்கும் வேம்புக்கும் அத்துணை கிடைக்குமா?

சிங்கப்பூரின் வரலாறு தோல்வியே காணாத வரலாறன்று. காம்பியர் அடுப்புக்குப் போன காடு திரும்பவில்லை. சாங்கியின் இரண்டு மரங்களும் திரும்பவில்லை. ஆயினும் ஒவ்வோர் இழப்பின் பின்னும் அங்கே விதி ஒருபடி முன்னேறியது. காடு அழிந்தபின் ஒதுக்கம் வந்தது. வளவுகள் வெறிதான பின் கயிற்றளவு வந்தது. சங்கால் வீழ்ந்தபின் கடுந்தண்டம் வந்தது. இழந்து இழந்தே கற்றவர்களின் பாடம் அது. அதனை இழக்குமுன் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏனைய நகரங்களுக்கு உண்டு. அடுத்த முறை ஒரு வளவிற் கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்ட வருவோர், மண்வெட்டியோடு ஒரு மீற்றர் கயிற்றையும் எடுத்துவருவாராயின், அங்கு நிற்கும் மரத்துக்காகப் பேச ஒருவர் உளர் என்று கொள்ளலாம்.